தெனோச்தித்லானின் உடையும் அவை ஒழுங்கும்: அயலார் எழுதியதை எவ்வளவு நம்பலாம்?

கரிசல்மண் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அஸ்டெக் அரசின் தலைநகரான தெனோச்தித்லானைப் பற்றி ஸ்பானியர்கள் எழுதிவைத்த குறிப்புகளைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அந்நகரத்தின் போர்களையும் நரபலியையும் பற்றி எழுதாதவர் இல்லை. என் மனம் செல்வதோ வேறு பக்கம்: அந்த மக்கள் என்ன உடுத்தினார்கள், பெரியவர்கள் முன்னால் எப்படி நின்றார்கள், எப்படிப் பேசினார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

ஓரிடத்தில் தடுமாறுகிறேன். அரசர் மொக்தெசூமா நாளொன்றுக்கு நான்கு விதமான உடைகளை மாற்றுவார் என்றும், அவை யாவும் புத்தம் புதியவை என்றும், ஒருமுறை உடுத்தியதை மறுபடி தொடமாட்டார் என்றும் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தெஸ் தம் அரசருக்கு எழுதுகிறார். அவருடைய படையிலேயே இருந்த பெர்னால் தியாஸோ, ஒருநாள் உடுத்திய உடையை நான்கு நாள் கழித்துத்தான் மீண்டும் உடுத்துவார் என்கிறார். இருவரும் ஒரே அரண்மனையில், ஒரே மாதங்களில், ஒரே மனிதரைப் பார்த்தவர்கள். இத்தகைய முரண்கள் இருக்கும்போது, உடையையும் பழக்கவழக்கத்தையும் பற்றி அந்த அயலார் சொல்வதில் எதை ஏற்பது, எதை விடுவது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஓலைநறுக்கு:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள், நண்பரே. முதலில், இருவரும் எந்த நிலையில் இருந்து எழுதினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கோர்த்தெஸின் அந்தக் கடிதம் 1520 அக்டோபர் 30 அன்று எழுதப்பட்டது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர்தான், ஜூன் 30 இரவில், அவர் அந்நகரத்திலிருந்து பெரும் உயிர்ச்சேதத்துடன் துரத்தப்பட்டிருந்தார். கியூபாவின் ஆளுநருடைய கட்டளையை மீறிப் புறப்பட்டவர் என்ற குற்றச்சாட்டும் தலைமேல் தொங்கியது. கைநழுவிப்போன நகரம் எவ்வளவு பெரியது, எவ்வளவு செல்வமுடையது, எவ்வளவு ஒழுங்குடையது என்று ஐந்தாம் சார்லஸ் அரசருக்குக் காட்டினால்தான் அதை மீட்கும் முயற்சிக்கு அரச ஆதரவு கிடைக்கும். ஆகவே எண்ணிக்கை வரும் இடங்களில் அவர் கை தாராளமாக ஓடுகிறது. தியாஸ் எழுதியது பல பத்தாண்டுகள் கழித்து, குவாத்தமாலாவில், முதுமையில். படைவீரர்களின் உழைப்பு மறக்கப்பட்டதே என்ற ஆற்றாமை அவரை எழுத வைத்தது. தம் உழைப்புக்குப் பலன் வேண்டும் என்ற நோக்கம் அவருக்கும் இருந்தது, ஆனால் கோர்த்தெஸைப் போலக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி இல்லை. நினைவு மட்டும் சில இடங்களில் மங்கியிருக்கலாம். உடை மாற்றும் கணக்கில் எனக்குத் தியாஸின் கூற்றே இயல்பாகப் படுகிறது.

ஆனால் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, உடம்பு என்ன செய்தது, கால் எங்கே நின்றது, கண் எங்கே பார்த்தது என்று மட்டும் படித்துப் பாருங்கள். இருவரும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறார்கள். 1519 நவம்பர் 8 அன்று, ஏரியின் குறுக்கே கட்டப்பட்ட கரைச்சாலை வழியாக ஸ்பானியர்கள் நகருக்குள் வந்தபோது, முதலில் எதிர்கொண்டவர்கள் ஒரே விதமாக உடுத்தியிருந்த ஏறத்தாழ ஆயிரம் பெருமக்கள் என்கிறார் கோர்த்தெஸ். ஒவ்வொருவரும் தனித்தனியாக முன்வந்து, கையால் மண்ணைத் தொட்டு, அந்தக் கையை முத்தமிட்டார்கள். எல்லோரும் செய்து முடிக்கும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாம் காத்து நின்றதாக அவரே எழுதுகிறார். வணிகக் கணக்கோ புகழ்ச்சியோ இதில் எதுவும் இல்லை. நின்று நின்று கால் வலித்தவர் சொல்லும் செய்தி இது. பிறகு மொக்தெசூமா வருகிறார். இருபுறமும் இரு பிரபுக்கள் அவர் கையைத் தாங்கி வருகிறார்கள். மூவரின் உடையும் ஒன்றுபோல இருந்தது, அரசரின் காலில் மட்டும் செருப்பு இருந்தது, மற்றவர் வெறுங்காலோடு வந்தார்கள் என்பது கோர்த்தெஸின் குறிப்பு. குதிரையிலிருந்து இறங்கி அரசரைத் தழுவப்போன அவரை அந்த இருவரும் கைநீட்டித் தடுத்துவிட்டார்கள். அரசரின் உடம்பைத் தொடுவது அங்கே நினைத்தும் பார்க்க முடியாத செயல். தியாஸும் இந்தத் தடுப்பை அப்படியே சொல்கிறார்.

அரண்மனைக்குள் நுழைவதைப் பற்றியும் இருவரின் சாட்சியம் ஒன்றே. எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். விலையுயர்ந்த மேலாடையைக் களைந்து எளிய மேலாடை ஒன்றைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று தியாஸ் கூட்டிச் சொல்கிறார். உள்ளே போய் மூன்று முறை வணங்க வேண்டும். கண்ணைத் தாழ்த்தியே பேச வேண்டும். விடைபெறும்போது அரசருக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேற வேண்டும். நகரத்துக்குள் மிக ஆடம்பரமாக உடுத்தத் தகுதி பெற்றவர்களே அரசர் முன்னால் மிக எளிமையாக நிற்க வேண்டியிருந்தது.

கோர்த்தெஸின் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தி வைத்த வரி ஒன்று உண்டு. மெக்சிகோப் பிரபுக்கள் சிலர் ஸ்பானிய வீரர்களைக் கடிந்துகொண்டார்களாம்: உங்கள் தலைவரிடம் பேசும்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்களே, இது மரியாதையா, வெட்கமில்லையா என்று. தம் வீரர்கள் நாகரிகமற்றவர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னதை எழுதுவதால் கோர்த்தெஸுக்கு எந்த ஆதாயமும் இல்லை. அதனாலேயே இதை முழுமையாக நம்புகிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொமினிக்கத் துறவி தியகோ துரான், அரை நூற்றாண்டு கழித்துத் தம் வரலாற்றுக்காகச் செய்தி திரட்டியபோது, மொக்தெசூமாவின் முகமும் உயரமும் எப்படி இருந்தன என்று ஒரு முதியவரைக் கேட்டார். தாம் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை என்றும், துணிந்து பார்த்திருந்தால் பார்த்த மற்றவர்களைப் போலத் தாமும் செத்திருக்க வேண்டியதுதான் என்றும் அந்த முதியவர் சொன்னார். அரசருக்கு வயது நாற்பது இருக்கும், மெலிந்த உடல்வாகு, காதை மூடும் அளவுக்கே முடி, அடர்த்தியில்லாத தாடி, சற்றே நீண்ட மலர்ந்த முகம் என்றெல்லாம் நாம் இன்று படிப்பது தியாஸ் எழுதியது. அந்த நகரத்தின் மரியாதை என்னவென்று அறியாத, அல்லது அறிந்தும் பொருட்படுத்தாத ஒருவர் ஏறிட்டுப் பார்த்ததால்தான் அந்த முகம் ஏட்டில் ஏறியது. அயலார் குறிப்பின் பயனும் குறையும் ஒரே இடத்தில் தெரிவது இங்கேதான் என்று கருதுகிறேன்.

தறிமேடை:

மேலே சொன்னதோடு துணியைப் பற்றியும் சேர்க்க விரும்புகிறேன். கைத்தறி நெசவு எங்கள் குடும்பத் தொழில் என்பதால் நான் எதைப் படித்தாலும் முதலில் நூலைத்தான் தேடுவேன்.

தெனோச்தித்லான் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் ஏரி நடுவே இருந்த நகரம். அந்தக் குளிரில் பருத்தி விளையாது. வெப்பமான தாழ்நிலங்களிலிருந்து பஞ்சாகவோ நெய்த துணியாகவோ வந்து சேர்ந்தால்தான் உண்டு. பெரும்பகுதி திறையாக வந்தது. உள்ளூரில் தாராளமாகக் கிடைத்தது ஆனைக்கற்றாழை நார். ஒருவர் மேல் பருத்தி இருந்தால், எங்கோ ஒரு நாடு அடங்கித் திறை கட்டுகிறது என்று பொருள். 1540-களில் ஸ்பானிய ஆட்சியாளருக்காக உள்ளூர் ஓவியர்கள் வரைந்த மெந்தோசா ஏட்டில், ஊர்தோறும் எத்தனை கட்டு மேலாடை செலுத்த வேண்டும், அதில் என்ன கரை, என்ன கோலம் என்பது வரை படமாகவே இருக்கிறது. பக்கம் பக்கமாகத் துணிகள்தாம். பொன்னும் இறகும்கூட அவ்வளவு இடம் பிடிக்கவில்லை.

ஆண்களின் உடை இரண்டே துண்டு. இடுப்பில் முன்னும் பின்னும் முனை தொங்குமாறு கட்டிய நீண்ட அரைத்துணி. அதன் மேல், ஒரு தோளில் முடிச்சிட்ட செவ்வகமான மேலாடை. இந்த மேலாடையை அவர்கள் தில்மா என்பார்கள். பெண்களுக்கு இடுப்பைச் சுற்றிய பாவாடையும், தலைவழியே மாட்டும் கையில்லாத தளர்ந்த மேற்சட்டையும். எதிலும் தையற்காரரின் வெட்டு வேலை கிடையாது. தறியிலிருந்து இறங்கிய துணியின் ஓரம் அப்படியே இருக்கும். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பெண்கள் நெய்த இடுப்புத் தறிதான் அத்தனைக்கும் மூலம். மெந்தோசா ஏட்டில் சிறுமியின் கையில் கதிர் கொடுத்து நூற்கச் சொல்லித் தரும் தாயும், பதினான்கு வயதில் தறிக்கு முன் உட்கார்ந்த அதே மகளும் அடுத்தடுத்து வரையப்பட்டிருக்கிறார்கள்.

வெட்டும் தையலும் இல்லாத உடையில் தரவேறுபாட்டை எப்படிக் காட்டுவது? நூலின் வகை, கரையின் கோலம், சாயம், நீளம் இவற்றால்தான். கோர்த்தெஸ் கண்ட மொக்தெசூமாவின் முன்னோரும், 1440 முதல் 1469 வரை ஆண்டவருமான முதலாம் மொக்தெசூமா விதித்த சட்டங்களைத் துரான் பட்டியலிடுகிறார். பொதுமக்கள் பருத்தி உடுத்தக் கூடாது, கற்றாழை நார்த் துணிதான் உடுத்த வேண்டும். மேலாடை முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கணுக்கால் வரை தொங்கவிட்டால் உயிர்த்தண்டனை. இதற்கு ஒரு விலக்கு இருந்தது: போரில் காலில் காயம்பட்டவர் அந்த வடுவை மூடுமளவு நீளமாக உடுத்தலாம். வாளுக்கு அஞ்சி ஓடாத கால்களுக்கு இது பரிசு என்று காரணமும் கூறப்படுகிறது. அரண்மனைக்குள் அரசரும் அவருடைய பெரும் ஆலோசகர் த்லாகயேலெலும் தவிர வேறு யாரும் செருப்பு அணியக் கூடாது என்ற விதியும் இதே பட்டியலில் உள்ளது. கோர்த்தெஸ் கண்ட வெறுங்கால் ஊர்வலத்தோடு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

ஆயினும் சட்டம் இருந்தது என்பதால் ஊர் முழுவதும் அதன்படியே உடுத்தியது என்று முடிவு கட்டக் கூடாது. தெனோச்தித்லானை ஒட்டிய த்லாத்தெலோல்கோ சந்தையில் நாளொன்றுக்கு அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள் என்று எழுதும் கோர்த்தெஸ், அங்கே எல்லா நிறத்திலும் பருத்தி நூல் சிட்டம் சிட்டமாக விற்றதைக் கிரனாடாவின் பட்டுச் சந்தையோடு ஒப்பிடுகிறார். வெள்ளைப் பருத்தித் துணி பணமாகவே புழங்கியது. இருபது துணி இருந்தால் ஒருவர் ஓராண்டு வாழலாம் என்று மொத்தோலினியா என்ற துறவி குறித்திருக்கிறார். தெற்கே மொரேலோஸ் பகுதியின் சிற்றூர்களில் அகழ்ந்தபோது, பருத்தி நூற்பதற்கான சிறிய தக்களிச் சில்லுகள் எளிய வீடுகளிலும் கிடைத்தன. நூற்றவர்கள் எல்லோரும் பிறருக்காகவே நூற்றார்கள், தம் உடம்பில் ஒரு முழம்கூடச் சுற்றவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. துரானுக்குச் செய்தி சொன்னவர்கள் பழைய பெருங்குடிகளின் வழிவந்தவர்கள். ஊர் எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் சொன்னார்கள்.

கரிசல்மண்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முகத்தைப் பற்றிய செய்தியும், காலில் வடுப்பட்டவருக்கான விலக்கும் என் மனத்தை விட்டு அகலவில்லை. இன்னும் ஒன்று கேட்கிறேன். அரசவை தவிர்த்து வீதியிலும் வீட்டிலும் பொது ஒழுக்கம் எப்படி இருந்தது? மேலும், ஸ்பானியர்களின் உடல் நாற்றம் தாங்காமல்தான் உள்ளூர் மக்கள் அவர்களுக்குச் சாம்பிராணி போல் புகை காட்டினார்கள் என்று இணையத்தில் பல இடங்களில் படித்தேன். அது உண்மையா?

வடகரை:

புகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. கோபால் என்னும் மரப்பிசினைச் சுட்டுப் புகை காட்டுவது தெய்வத்துக்கும் மதிப்புக்குரியவர்க்கும் செய்யும் மரியாதை. கடற்கரையில் வந்து இறங்கியபோதும் வழியில் பல ஊர்களிலும் தங்களுக்கு இப்படிப் புகை காட்டியதைத் தியாஸ் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார். நாற்றம் என்ற பேச்சு அங்கே இல்லை. இரு சமூகங்களின் குளியல் பழக்கம் வேறுபட்டது உண்மை. மொக்தெசூமா நாள்தோறும் மாலையில் குளித்ததைத் தியாஸ் வியந்து எழுதுகிறார். கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய நீராவிக் குளியல் அறைகள் அந்நாட்டில் பரவலாக இருந்தன. சந்தையில் தலை கழுவி மழித்துவிடும் கடைகள் இருந்ததைக் கோர்த்தெஸும் கண்டார். ஆனால் இவற்றிலிருந்து புகைக்குக் காரணம் கற்பிப்பது பிற்காலத்தார் செய்த வேலை.

பொது ஒழுக்கத்துக்கு நமக்குள்ள பெருஞ்செல்வம் பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கத் துறவி தொகுத்த பன்னிரண்டு நூல்கள். அவர் 1529இல் மெக்சிகோ வந்தவர். த்லாத்தெலோல்கோவில் 1536இல் தொடங்கப்பட்ட கல்லூரியில் படித்த உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு, முதியவர்களைக் கேட்டு, அவர்கள் மொழியிலேயே எழுதி வாங்கினார். கேட்டவர் அயலார், சொன்னவர்கள் ஊரார். ஆகவே இதை ஸ்பானிய வீரர்களின் குறிப்போடு ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆறாம் நூலில், தந்தை மகனுக்குச் சொல்லும் அறிவுரை வருகிறது. தெருவில் தலைதெறிக்க நடக்காதே, காலை இழுத்துக்கொண்டும் நடக்காதே. உரக்கக் கத்தாதே, முணுமுணுக்கவும் செய்யாதே. யாரையும் உற்றுப் பார்க்காதே, பெண்களை அறவே பார்க்காதே. சாப்பிடுமுன் கையையும் முகத்தையும் கழுவு, அள்ளி அள்ளி விழுங்காதே. உடையில் பகட்டும் வேண்டாம், கந்தலும் வேண்டாம். மேலாடை தரையில் புரண்டு காலைத் தடுக்கும்படி உடுத்தாதே. எதிலும் நடுவழி என்பதே அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. அரண்மனையின் படாடோபத்தைப் பார்த்து மயங்கிய வீரர்கள் இதைக் காணவே இல்லை என்பது என் குறை.

பெண்களைப் பற்றிய பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது மெல்லும் பிசின் பற்றிய செய்தி. சப்போட்டா மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் சிக்லே என்ற பிசினை எல்லோரும் மென்றார்கள். ஆனால் எங்கே மெல்லலாம் என்பதில் கண்டிப்பு இருந்தது. மணமாகாத பெண்கள் வெளியில் மெல்லலாம். மணமானவர்களும் கைம்பெண்களும் வீட்டுக்குள்தான் மெல்ல வேண்டும். ஆண்கள் மெல்வதானால் யார் கண்ணிலும் படாமல்தான் மெல்ல வேண்டும். சந்தையில் எல்லோர் காதிலும் விழும்படி சொடக்குச் சொடக்கென்று மென்றுகொண்டு போனால் அவள் விலைமகள் என்று ஊர் முடிவு செய்துவிடும். முகத்தில் மஞ்சள் பூச்சும் பல்லில் சிவப்புச் சாயமும் அளவு மீறினாலும் இதே பேச்சுத்தான். மணமான பெண் தலைமுடியை இரண்டாகச் சுருட்டி நெற்றிக்கு மேல் இரு சிறு கொம்புபோல் முடிந்திருந்தால் அதுவே நல்ல குடும்பத்து அடையாளம்.

விருந்தில் கொடுக்கும் பூச்செண்டுக்கும் ஒழுங்கு உண்டு. செண்டின் ஓரத்தை மட்டுமே முகர வேண்டும்; நடுப்பகுதி தெஸ்காத்லிபோக்கா என்ற தெய்வத்துக்கு உரியது. இப்படி ஒரு விதியை வெளியிலிருந்து பார்க்கும் எவரும் ஊகித்திருக்கவே முடியாது.

தூரதேசம் போய்வரும் பெருவணிகர்களின் உடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்கள் பெருஞ்செல்வர்கள், ஆனால் பிரபுக்கள் அல்லர். சரக்கோடு திரும்பும்போது இரவில், மூடிய படகுகளில், சத்தமில்லாமல் ஊருக்குள் வருவார்கள். சரக்கை உறவினர் வீட்டில் இறக்கிவிட்டு, இது என்னுடையது அன்று என்பார்கள். பகலில் கிழிந்த கற்றாழைத் துணியைப் போர்த்திக்கொண்டு தலைகுனிந்து நடப்பார்கள். செருக்கோடு நடந்த வணிகரின் உயிரையும் பொருளையும் அரசு பறித்த செய்திகளும் சாகுன் தொகுப்பிலேயே உள்ளன. தமக்கு உரிமையாக்கப்பட்ட நல்ல மேலாடையையும் உதட்டணியையும் குறிப்பிட்ட திருவிழாக்களில் மட்டுமே அவர்கள் அணிந்தார்கள். சந்தைக்குப் போன ஸ்பானியர் இத்தகைய ஒருவரைக் கடந்து போயிருந்தால் ஏழை என்றே எண்ணியிருப்பார்.

ஓலைநறுக்கு:

வடகரை அவர்கள் உதட்டணியைக் குறிப்பிட்டதால் ஒரு செய்தி. கீழுதட்டில் துளையிட்டுக் கல்லோ பொன்னோ செருகுவது அங்கே பெருமையின் அடையாளம்; போரில் கைதிகளைப் பிடித்தவரும் பெருங்குடியினரும் அணிந்தது. 1519 ஜூலையில் கடற்கரையிலிருந்து ஸ்பானியர்கள் அனுப்பிய முதல் கடிதத்தில், உதடு கனத்துத் தொங்கி முகமே கெட்டுப்போகிறது என்று அருவருப்போடு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய பரிசுப் பொருள்களை 1520இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பார்த்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், பொன்னால் செய்த சூரியனையும் வெள்ளி நிலாவையும் விந்தையான உடைகளையும் கண்டு, வாழ்நாளில் தம் நெஞ்சை இவ்வளவு மகிழ்வித்த வேறெதையும் பார்த்ததில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். அவர் பார்த்தது பொருள்களை மட்டும். அணிந்த மனிதர்களை அன்று. 1528இல் கோர்த்தெஸ் மெக்சிகோவிலிருந்து சிலரை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்றபோது, கிறிஸ்தோப் வைடிட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞர் அவர்களை நேரில் கண்டு வரைந்தார். முகத்தில் பதித்த கற்களை அவர் விடாமல் தீட்டியிருக்கிறார். அருவருப்பு அந்தக் கோடுகளில் எங்கும் இல்லை. கரிசல்மண் அவர்கள் அடுத்து இந்தப் படங்களைப் பார்க்கலாம். மேலாடை, இறகு, கற்கள் ஒவ்வொன்றையும் மெந்தோசா ஏட்டின் படங்களோடு அருகருகே வைத்துப் பார்த்தால், வைடிட்ஸ் எதைக் கண்டபடி வரைந்தார், எதைத் தாமாகச் சேர்த்தார் என்பது தெரியவரும்.